ஷெர்லி டெம்பிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஷெர்லி டெம்பிள் பெயர் வந்துவிடும். சுருள்முடியும் கன்னக்குழியுமாகச் சிரிக்கும் அந்தக் குழந்தையின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. "அப்புறம் அந்தக் குழந்தை என்ன ஆச்சு?" என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. நண்பர்களும் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயது ஷெர்லியையும் இங்கே 'அவர்' என்றுதான் எழுதப் போகிறேன். அந்த வயதிலேயே வேலைக்குப் போய், வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தவர் அவர். அந்த மரியாதை அவருக்கு உண்டு.

ஷெர்லி டெம்பிள் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1928 ஏப்ரல் 23 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் வங்கி ஊழியர், அம்மா கெர்ட்ரூட். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் அதிக வசூல் தரும் நட்சத்திரமாக இருந்தார். அப்போது அவருக்கு வயது ஏழிலிருந்து பத்து. இருபத்திரண்டு வயதில் சினிமாவை விட்டார். பிற்காலத்தில் கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். 2014 பிப்ரவரி 10 அன்று, 85 வயதில் காலமானார்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

மூன்று வயதில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நடனப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மகள் ஆட வேண்டும், பாட வேண்டும் என்று அம்மாவுக்குத் தீராத ஆசை. குறும்படங்கள் எடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆட்கள் குழந்தைகளைத் தேடி அங்கே வந்தார்கள். ஷெர்லி பியானோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார் என்றும், அவர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

1932-இல் வெளிவரத் தொடங்கிய அந்தக் குறும்படங்களை இன்று பார்த்தால் மனசு கஷ்டப்படும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளின் இடுப்பில் துணியைச் சுற்றி, பெரிய ஊக்கு ஒன்றைக் குத்தி, பெரியவர்களின் காதல் காட்சிகளைக் கேலியாக நடிக்க வைத்தார்கள். அன்றைக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

தப்பு செய்தால் ஐஸ் மேல் உட்கார வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஷெர்லியே 1988-இல் வெளியான தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் குறும்படங்கள் எடுத்த தளத்தில் ஒலிப்பதிவுக்குப் பயன்பட்ட ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஆள் உள்ளே நிற்கும் அளவுக்குப் பெரியது. ஒத்துழைக்காத குழந்தையை அதற்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே இருட்டு. உட்கார ஒரு பெரிய ஐஸ் பாளத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஷெர்லியும் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறார். வீட்டில் சொன்னபோது, குழந்தை கற்பனையாகச் சொல்கிறது என்று அம்மா நினைத்துவிட்டார்.

நேரம் என்றால் பணம், நேரத்தை வீணாக்கினால் தண்டனை என்ற பாடத்தை அந்தப் பெட்டிதான் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்ற பொருளில் ஷெர்லி பின்னாளில் எழுதினார். 'ஒரே டேக்கில் முடிப்பவர்' என்று அவருக்குப் பிறகு பெயர் வந்தது. அந்தப் பெயரைப் புகழ்ச்சியாகப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

1933-இல் அந்த நிறுவனம் நொடித்துப் போனது. அப்பா 25 டாலர் கொடுத்து மகளின் ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டே அமெரிக்கா முழுவதும் அவர் முகம் தெரியப் போகிறது என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எந்தப் படத்தில் புகழ் வந்தது?

1934-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டாண்ட் அப் அண்ட் சியர்' படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினார். மக்களுக்கு அந்தக் குழந்தையைப் பிடித்துப்போனது. வாரம் 150 டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டே பாரமவுண்ட் நிறுவனம் அவரைக் கடன் வாங்கி இரண்டு படங்கள் எடுத்தது. ஆண்டுக் கடைசியில் 'பிரைட் ஐஸ்' வந்தது. அது அவருக்காகவே எழுதப்பட்ட கதை. 'லாலிபாப்' என்ற கப்பலைப் பற்றி அவர் பாடும் பாட்டு அதில்தான் இருக்கிறது. பாட்டில் கப்பல் என்று சொன்னாலும் படத்தில் அவர் பாடுவது விமானத்துக்குள்.

1935 பிப்ரவரியில், ஆறு வயதில், குழந்தைகளுக்கான சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் அதுவே முதல் விருது. சிலை அளவில் சின்னது. 1985-இல்தான் முழு அளவுச் சிலையைக் கொடுத்தார்கள்.

பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது. ஊரெங்கும் வேலை இல்லை, வங்கிகள் மூடிக் கிடந்தன. ஃபாக்ஸ் நிறுவனமும் திவாலின் விளிம்பில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியதில் இந்தக் குழந்தையின் பங்கு பெரிது. அவருடைய படங்களின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். அம்மா அப்பா இல்லாத அல்லது பிரிந்த குழந்தை, கோபக்காரப் பெரியவர் ஒருவரின் மனதைக் கரைத்து, முறிந்த குடும்பத்தை ஒட்டவைக்கும். அன்றைய மக்களுக்கு அது தேவைப்பட்டது.

தலையில் சரியாக 56 சுருள் இருந்தது என்கிறார்களே? விக் என்றும் சொல்கிறார்கள்?

விக் இல்லை, சொந்த முடிதான். தினமும் ராத்திரி அம்மா கெர்ட்ரூட் மகளின் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, சுருட்டி, ஹேர்பின் குத்தி வைப்பார். எண்ணி 56. அந்தக் கணக்கு மாறினால் நேற்று எடுத்த ஷாட்டோடு இன்றைய ஷாட் ஒட்டாது. சந்தேகப்பட்ட ரசிகர்கள் விக்தானா என்று முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இதைவிட விநோதமான வதந்தி ஓடியது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடிப்பது குழந்தையாக இருக்க முடியாது, உயரம் குறைந்த வயது வந்த பெண்தான் என்று பேசிக்கொண்டார்கள். வத்திக்கானிலிருந்து ஒரு பாதிரியார் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனதாக ஷெர்லி எழுதியிருக்கிறார்.

படப்பிடிப்பு நாட்கள் எப்படி இருந்தன?

ராத்திரி படுக்கையில் அம்மா மறுநாள் வசனத்தைப் படித்துக் காட்டுவார். ஷெர்லி கேட்டே மனப்பாடம் செய்துகொள்வார். தன் வசனத்தோடு மற்றவர்களின் வசனமும் மனதில் ஏறிவிடும். பகலில் ஸ்டுடியோ வளாகத்திலேயே அவருக்கென்று ஒரு சிறிய வீடும், பாடம் சொல்லித்தர ஆசிரியையும் இருந்தார்கள். காமிரா ஓடத் தொடங்கும் முன் அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மின்னு, ஷெர்லி!"

மற்றக் குழந்தைகளோடு பழக வாய்ப்பு குறைவு. வீட்டு வாசலில் சுற்றுலாக் கூட்டம் நின்றது. ஆறு வயதில் சாண்டா கிளாஸ் மேல் இருந்த நம்பிக்கை எப்படிப் போனது என்று அவர் பின்னாளில் சொல்வதுண்டு. அம்மா ஒரு கடைக்குக் கூட்டிப்போய் சாண்டா தாத்தாவைக் காட்டினார். அந்தத் தாத்தா ஷெர்லியிடம் ஆட்டோகிராப் கேட்டுவிட்டார்.

ஆனாலும் குழந்தை குழந்தைதான். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் குடும்பம் ஒருமுறை வீட்டுத் தோட்டத்தில் விருந்து வைத்தது. ஷெர்லி தன் கைப்பைக்குள் உண்டிவில்லை ஒளித்துக் கொண்டுபோயிருந்தார். குனிந்து அடுப்பில் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்த ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் பின்பக்கத்தைக் குறிபார்த்து ஒரு கல். யார் அடித்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குத் திரும்பியதும் ஷெர்லிக்கும் அதே இடத்தில் அடி விழுந்தது. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. 56 சுருளுக்கு அடியில் ஒரு சாதாரணக் குறும்புக்காரி இருந்திருக்கிறாள் என்று மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

படிக்கட்டு நடனத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

1935-இல் வந்த 'தி லிட்டில் கர்னல்' படத்தில் இருக்கிறது. தாத்தா வீட்டில் தங்கியிருக்கும் குழந்தை, மாடிக்குப் போய்த் தூங்க மறுக்கிறது. வீட்டு வேலைக்காரர் வாக்கர், "மாடி ஏற ஒரு புது வழி காட்டுகிறேன்" என்கிற மாதிரி படிக்கட்டிலேயே ஆடத் தொடங்குகிறார். காலணி அடியில் தகடு வைத்துத் தாளம் தட்டும் டாப் நடனம். அந்த வேடத்தில் நடித்தவர் பில் 'போஜாங்கில்ஸ்' ராபின்சன். 1878-இல் பிறந்தவர், ஐம்பது வயதைத் தாண்டிய மேதை. படிக்கட்டில் ஆடுவது மேடையில் அவருடைய தனி முத்திரை.

பின்னணி இசைக்குழு இல்லை. அவரே வாயால் ஒரு மெட்டை முணுமுணுக்கிறார், கால்கள் மரப்படியில் பேசுகின்றன. நம் ஊரில் மிருதங்கம் இல்லாமல் வெறும் சலங்கையில் ஜதி கேட்பது போல இருக்கும். குழந்தை முதலில் பார்க்கிறது. பிறகு கை நீட்டுகிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். பெரியவரின் எல்லா அடவையும் ஆறு வயதுக் காலால் ஆட முடியாது. அதனால் படியின் முகப்பில் காலால் ஒரு உதை உதைத்து அந்தச் சத்தத்தால் தாளத்தை நிரப்புகிறார் ஷெர்லி. கவனித்துப் பார்த்தால் தெரியும். ராபின்சன் பார்ப்பது தன் காலை அல்ல, குழந்தையின் காலை.

அடவை எண்ணாதே, தாளத்தை உணர் என்று அவர் கற்றுக்கொடுத்ததாக ஷெர்லி சொல்லியிருக்கிறார். 'அங்கிள் பில்லி' என்றுதான் கடைசி வரைக்கும் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து நான்கு படங்கள் செய்தார்கள்.

கறுப்பினத்தவருக்குத் தனி வாசல், தனி இருக்கை என்று ஒதுக்கி வைத்திருந்த நாடு அது. ஹாலிவுட் திரையில் கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் ஜோடியாக ஆடிய முதல் காட்சி இது என்று சினிமா வரலாற்றில் சொல்கிறார்கள். கை பிடித்து ஆடுகிறார்கள் என்பதற்காகவே தென் மாநிலங்களில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டு ஓட்டினார்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே படமும், அதே ஆண்டு வந்த 'தி லிட்டிலெஸ்ட் ரெபெல்' படமும் தெற்கின் பண்ணை முதலாளிகளைப் பரிவோடு காட்டுகின்றன. அடிமைகளும் வேலைக்காரர்களும் எப்போதும் சிரித்துக்கொண்டு முதலாளிக்கு விசுவாசமாக இருக்கிறார்கள். அது பொய். ராபின்சன் போன்ற ஒரு கலைஞருக்கு வேலைக்காரர் வேடத்தைத் தாண்டி எதுவும் தராத ஹாலிவுட்டின் பொய். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் இதையும் எடுத்துச் சொல்லிவிடுங்கள். நடனத்தின் அழகு அதனால் குறையாது.

வயதை மறைத்தார்களாமே?

ஆமாம். ஃபாக்ஸ் நிறுவனம் அவர் வயதில் ஒன்றைக் குறைத்துவிட்டது. பெற்றோரும் ஒத்துக்கொண்டார்கள். ஷெர்லிக்கே தெரியாது. பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நினைத்திருந்தபோது, உனக்குப் பதின்மூன்று ஆகிறது என்று சொன்னார்கள்.

ஒரு எழுத்தாளர் மேல் வழக்குப் போட்டார்கள் என்பது என்ன விஷயம்?

1937-இல் கிரகாம் கிரீன் லண்டனில் ஒரு பத்திரிகையில் திரை விமர்சனம் எழுதிவந்தார். ஒன்பது வயது ஷெர்லியை நடுத்தர வயது ஆண்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ஸ்டுடியோவும் ஷெர்லி தரப்பும் வழக்குப் போட்டு வென்றார்கள். 3,500 பவுண்டு இழப்பீடு. அவர் எழுதிய விதம் அந்தக் குழந்தையையே புண்படுத்துவது என்பதால் என்னால் அதை ஆதரிக்க முடியாது. ஆனால் குழந்தை நட்சத்திரங்களைச் சுற்றி இருக்கும் ஆபத்து கற்பனை இல்லை. பன்னிரண்டு வயதில் வேறொரு ஸ்டுடியோவில் சேர்ந்தபோது, ஒரு தயாரிப்பாளர் தன் அறையில் தன்னிடம் அசிங்கமாக நடந்துகொண்டார் என்று ஷெர்லி தன் நூலில் எழுதியிருக்கிறார். பயத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆள் கோபத்தில் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் இவர்தான் நடிக்க வேண்டியதாமே?

பேச்சு அடிபட்டது. கடைசியில் ஜூடி கார்லண்ட் நடித்தார், அது அவருக்கே அமைந்த வேடம். அந்தப் படத்துக்குப் போட்டியாக ஃபாக்ஸ் நிறுவனம் ஷெர்லியை வைத்து 'தி புளூ பேர்ட்' எடுத்தது. 1940-இல் வந்து தோற்றுப்போனது.

அதோடு மார்க்கெட் போய்விட்டதா?

வேகமாக இறங்கியது. குழந்தையாகவே இருக்கச் சொல்லி எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்க முடியாது. வளர்ந்துவரும் பெண்ணுக்குக் கதை எழுத ஃபாக்ஸில் யாரும் மெனக்கெடவில்லை. 1940-இல் பெற்றோர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு மகளைப் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். சுற்றிலும் சம வயதுப் பெண்கள், வகுப்பறை, சீருடை. அதற்கு முன் அவருக்குக் கிடைக்காத வாழ்க்கை.

நாற்பதுகளில் நடித்த படங்கள் மோசமில்லை. 1944-இல் 'சின்ஸ் யூ வென்ட் அவே', 1947-இல் கேரி கிராண்ட்டோடு ஒரு நகைச்சுவைப் படம், 1948-இல் ஜான் ஃபோர்ட் இயக்கத்தில் 'ஃபோர்ட் அப்பாச்சி'. நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் மக்கள் தேடியது அந்த ஆறு வயது முகத்தை.

குழந்தை நட்சத்திரம் என்றாலே இப்படித்தான் முடியும் என்று சிலர் விதி போலச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் வந்த கமல்ஹாசனும், 1969-இல் 'துணைவன்' படத்தில் முருகனாக வந்த ஸ்ரீதேவியும் பெரியவர்களான பிறகும் உச்சத்தில் இருந்தார்கள். ஷெர்லிக்குத் திரை ஒத்துழைக்கவில்லை. அவருக்கும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும் எண்ணம் இருக்கவில்லை.

அவ்வளவு சம்பாதித்தாரே, பணமெல்லாம் எங்கே போயிற்று?

படங்களில் கிடைத்த சம்பளம் தவிர பொம்மை, உடை, புத்தகம் என்று அவர் பெயரில் விற்காத பொருள் இல்லை. இருபது வயதைத் தாண்டிய பிறகு கணக்கைக் கேட்டுப் பார்த்தார். மொத்த வருமானம் 32 லட்சம் டாலருக்கு மேல். அவர் பெயரில் மிச்சம் இருந்தது சுமார் 44,000 டாலர். வீட்டுச் செலவு, வேலையாட்கள், சரியாக விளங்காத முதலீடுகள் என்று எல்லாம் போய்விட்டது. கணக்கைப் பார்த்துக்கொண்டது அப்பா.

ஷெர்லி வழக்குப் போடவில்லை. அப்பாவோடு உறவையும் முறித்துக்கொள்ளவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அதைக் காட்டி, அப்பா செய்தது சரி என்று ஆக்கிவிடக் கூடாது. மூன்று வயதிலிருந்து உழைத்தது குழந்தை. பணம் அந்தக் குழந்தையுடையது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

ஷெர்லிக்கு முன்பே ஜாக்கி கூகன் என்ற சிறுவன் இருந்தார். 1921-இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் கூடவே வரும் அந்தப் பையன்தான். பல லட்சம் டாலர் சம்பாதித்தார். வளர்ந்து கேட்டபோது அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் தர மறுத்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டார். கைக்கு வந்தது 1,26,000 டாலர்தான். அந்த வழக்கு கிளப்பிய கோபத்தில் 1939-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மக்கள் அதைக் கூகன் சட்டம் என்றே அழைக்கிறார்கள். அதில் ஓட்டைகள் இருந்தன. 2000-இல் திருத்தப்பட்ட பிறகுதான், வருமானம் குழந்தையின் சொத்து, அதில் 15 சதவீதம் தனிக் கணக்கில் பூட்டி வைக்கப்பட வேண்டும் என்று உறுதியானது.

நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 2017-இல் வந்த விதிகளின்படி குழந்தை நடிகரை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளையை டிவி நிகழ்ச்சிக்கோ சினிமாவுக்கோ அனுப்பும் பெற்றோர், கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

திருமணம்?

முதல் திருமணம் 1945-இல், 17 வயதில், ஜான் ஏகரோடு. ஒரு மகள் பிறந்தார். கணவரின் குடிப்பழக்கத்தால் அது நிலைக்கவில்லை, 1949-இல் மணமுறிவு. அடுத்த ஆண்டு ஹவாயில் சார்லஸ் பிளாக் என்ற முன்னாள் கடற்படை அதிகாரியைச் சந்தித்தார். அவர் ஷெர்லியின் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. உலகமே முகம் தெரிந்து வைத்திருக்கும் ஒருவருக்கு, முன்பின் தெரியாமல் வந்து பேசும் ஆள் எவ்வளவு பெரிய நிம்மதி! 1950 டிசம்பரில் கல்யாணம். ஒரு மகன், ஒரு மகள். 2005-இல் சார்லஸ் இறக்கும் வரை ஐம்பத்து நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

நடிகை எப்படித் தூதர் ஆனார்? வெறும் புகழுக்காகக் கொடுத்த பதவிதானே?

இந்தக் கேள்வியை அவர் காலத்திலேயே கேட்டார்கள். 1967-இல் குடியரசுக் கட்சிக்காரராக நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடக் கிளம்பினார், தோற்றார். அங்கே அவர் பேசிய அரசியல், குறிப்பாக வியட்நாம் போரை ஆதரித்தது, எனக்கு உடன்பாடானது இல்லை. 1969-இல் ஜனாதிபதி நிக்சன் அவரை ஐ.நா. பொதுச்சபைக்கு அமெரிக்கப் பிரதிநிதிகளில் ஒருவராக அனுப்பினார். அங்கே அகதிகள், சுற்றுச்சூழல் போன்ற விஷயங்களில் உட்கார்ந்து படித்து வேலை செய்தார். வசனம் மனப்பாடம் செய்யாமல் படப்பிடிப்புக்கு வராதவர், கோப்பைப் படிக்காமல் கூட்டத்துக்கு வருவாரா?

1974 முதல் 1976 வரை கானாவில் தூதர். பிறகு வெளியுறவுத் துறையில் அரசு மரியாதை நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் தலைமைப் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். எண்பதுகளில் புதிதாக நியமிக்கப்படும் தூதர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

பிராகில் என்ன நடந்தது?

இரண்டு முறை செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகுக்குப் போனார். இரண்டு முறையும் வரலாறு அங்கே காத்திருந்தது.

அவருடைய அண்ணன் ஒருவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருந்தது. அந்த நோய்க்கான சர்வதேச அமைப்பின் சார்பில் 1968 ஆகஸ்டில் பிராக் போயிருந்தார். அன்றைய தலைவர் டூப்செக்கைச் சந்திப்பதாக ஏற்பாடு. ஆகஸ்ட் 20 நள்ளிரவு சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. ஹோட்டலில் மாட்டிக்கொண்டவர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தபோது, கையில் எந்த ஆயுதமும் இல்லாத ஒரு பெண்ணைத் தெருவில் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தக் காட்சி வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

இருபத்தொரு ஆண்டு கழித்து, 1989-இல், அதே நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். வயது 61. அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலம் ஒன்றைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. அடுத்தடுத்த நாட்களில் லட்சக்கணக்கான மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ரத்தம் சிந்தாமல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது. டிசம்பர் 29 அன்று, அந்த ஆண்டின் தொடக்கத்தில் சிறையில் இருந்த நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவல் ஜனாதிபதி ஆனார். 1990-இல் ஹாவல் முதன்முறையாக வாஷிங்டன் போனபோது ஷெர்லியும் அதே விமானத்தில் போனார். 1992 வரை அங்கே பணியாற்றினார்.

புற்றுநோயைப் பற்றி முதலில் வெளிப்படையாகப் பேசியவர் இவரா?

பிரபலங்களில் முதல் சிலரில் ஒருவர். 1972-இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே செய்தியாளர்களிடம் பேசினார். மார்பில் கட்டி தெரிந்தால் பயந்து வீட்டில் உட்காராதீர்கள், மருத்துவரிடம் போங்கள் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டார். பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு என்ன செய்வது என்று தானே முடிவெடுப்பேன் என்பதிலும் உறுதியாக இருந்தார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் நடித்த எல்லாப் படங்களையும்விட இந்த ஒரு பேச்சு அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவோடு, தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?

1937-இல் வந்த 'வீ வில்லி விங்கி' படத்தின் கதை பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடக்கிறது. எடுத்தது என்னவோ கலிபோர்னியா மலைகளில்தான். ஜான் ஃபோர்ட் இயக்கிய அந்தப் படம்தான் தன் படங்களில் தனக்கு மிகவும் பிடித்தது என்று ஷெர்லி சொல்லியிருக்கிறார். கிரகாம் கிரீனின் அந்த விமர்சனமும் இதே படத்தைப் பற்றியதுதான்.

அதே 1937-இல் இங்கே கே. சுப்பிரமணியம் 'பாலயோகினி' எடுத்தார். அதில் நடித்த பேபி சரோஜாவை 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்று கொண்டாடினார்கள். 1939-இல் 'தியாகபூமி'யிலும் அவர் நடித்தார். குழந்தை நட்சத்திரம் ஒருவருக்காகவே மக்கள் தியேட்டருக்குப் போகும் வழக்கம் தமிழில் அவரிடம்தான் தொடங்கியது என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்த வீடுகள் ஏராளம். உங்கள் குடும்பத்தில் சரோஜா பாட்டி இருந்தால், பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் 1937-இன் 'ஹைடி' அல்லது 1939-இல் வண்ணத்தில் வந்த 'தி லிட்டில் பிரின்சஸ்'. தாத்தாவும் மலையும் ஆடும் வரும் 'ஹைடி' அவர்களுக்குச் சட்டென்று பிடிக்கும். மொழி தடையாக இருக்காது.

நேரமே இல்லை என்றால் படிக்கட்டு நடனத்தை மட்டும் பாருங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. முதல் முறை ஷெர்லியின் முகத்தைப் பார்ப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். இரண்டாம் முறை கால்களைப் பாருங்கள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். பெரியவரின் தட்டு எது, குழந்தையின் தட்டு எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். எனக்குப் பாதி இடங்களில் இன்னும் முடிவதில்லை.